நீல வானத்துக்குச் சிவப்புக் கொடி

1

இந்த ஆகஸ்ட்டோடு நான் கொடி ஏற்ற ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. நாட்டுக் கொடி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பெரிய கம்பம், வேறு ஆள். நான் ஏற்றுவது பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பத்தில், காற்றுக்கான கொடி.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் உதவியாளர். காலையில் அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்தால், அன்றைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். பச்சை என்றால் பிள்ளைகள் ஓடலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் பார்த்து. ஆரஞ்சு என்றால் இளைப்பு உள்ள பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. சிவப்பு என்றால் யாருமே வெளியே விளையாடக் கூடாது. ஊதா என்றும் ஒன்று உண்டு. பத்து வருஷத்தில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தது சில நாட்கள்தான், மலையில் காட்டுத் தீ எரிந்தபோது.

மின்னஞ்சல் சொன்ன நிறத்தில் துணியை எடுத்துக் கயிற்றில் மாட்டி ஏற்றிவிட்டு வருவேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்தத் துணிக்கு இங்கே இருக்கும் மரியாதையை நீங்கள் பார்க்க வேண்டும். சிவப்பு ஏறிவிட்டால், பந்தும் கையுமாக வந்த ஆறு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், முகத்தைச் சுளிக்கும், பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டுவிடும். பிள்ளையை விட வந்த அப்பா காரை நிறுத்திய உடனே இன்ஜினை அணைப்பார். இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது எவ்வளவோ இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக இத்தனை பேர் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள்.

பத்து வருஷம் ஆனதற்குப் பள்ளியில் எனக்கு ஒரு காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். ஐந்து நிறமும் அதில் அச்சாகியிருந்தது. நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளிடம் நான் பேசுவது உண்டு. ஆனால் வழக்கமாகப் பேசுவதை இந்த வருஷம் பேச வாய் வரவில்லை. அதற்கான காரணம் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது.

2

இந்தக் கம்பத்துக்கு நான் வந்து சேர்ந்ததே ஒரு தப்புச் செய்துதான்.

என் மகள் இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. விடாத இருமல். நம் ஊரில் பிறந்தவளுக்கு என்ன தெரியும்? நெல்லோ மிளகாயோ மெத்தையோ பிள்ளையோ, எதில் கோளாறு என்றாலும் வெயிலில் காட்டு. எங்கள் வீட்டில் அதுதான் முதல் வைத்தியம். பள்ளி விட்டதும் மூன்று மணி வெயிலில் பிள்ளையைப் பூங்காவில் ஓடவிட்டேன். வானம் பளிச்சென்ற நீலம், மருந்துக்குக்கூடப் புகை இல்லை. நல்ல காற்று, நல்ல வெயில், இருமல் ஓடிப்போகும் என்று பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இரண்டு வாரத்தில் பிள்ளை மூச்சு விடும்போது விலா எலும்பு தெரிந்தது.

பள்ளி நர்ஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மெக்சிகோவிலிருந்து வந்தவர், பெயர் மரியா. ஏழு பக்கப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வீட்டில் டிரிக்கர் ஏதாவது உண்டா என்றார். துப்பாக்கி விசை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த டிரிக்கர். எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் சாமான் எதுவும் கிடையாது, என் கணவர் ரொம்பச் சாது என்றேன். சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார், நல்ல மனுஷி. அவர் கேட்டது இளைப்பைக் கிளப்பிவிடும் பொருள்களை என்று பிறகுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கீழே பட்டணத்தில் லட்சக்கணக்கான கார்கள். அவை காலையில் விடும் புகை, கடல் காற்றோடு கிளம்பி எங்கள் ஊர் மலையில் வந்து முட்டி நிற்கிறது. அதன் மேல் வெயில் விழுகிறது. வெயில் ஏற ஏற அந்தப் புகை வேறொன்றாக மாறுகிறது. நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் ஓசோன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் அது உச்சத்துக்கு வரும். நெல்லைக் காய வைக்கும் அதே வெயில், புகையைச் சமைத்து விஷமாக்குகிறது. இனியாவை நான் வெயிலில் காட்டிய நேரமும் அதுதான்.

ஓசோன் என்றால் எனக்குப் பள்ளிப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. வானத்தில் உயரே இருப்பது, நம்மைக் காப்பது, அதில் ஓட்டை விழுந்துவிட்டது. அதே சாமான் தரையில் நம் மூக்குக்கு நேரே உண்டானால் நுரையீரலைப் புண்ணாக்கும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் அழுதேன். மரியா அழவிட்டு, முடிந்ததும் ஒரு வேலை கொடுத்தார். வீட்டுக்குப் போனால் மறந்துவிடுவாய், தினமும் நீயே வந்து கொடியை ஏற்று என்றார். இரண்டு நிமிஷ வேலைக்குப் பத்து விரல் ரேகையும், காசநோய் இல்லை என்ற சான்றிதழும், முந்தைய ஊர்களில் நான் யாரையும் அடிக்கவில்லை என்ற உறுதிமொழியும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷமே அங்கேயே எனக்கு வேலையும் கிடைத்தது.

3

வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்த கதை இது. நான் பிறந்தது தஞ்சாவூர் ஜில்லாவில், கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் ஒரு கிராமம். சுற்றிலும் நெல் வயல். அங்கே இந்தக் கொடிக்கு வேலையே இல்லை, வருஷம் முழுக்கப் பச்சைதான். சொல்லிவிட்டு நடவு வயல் படம் ஒன்றைக் காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வியாதி. விட்டு வந்த தேதியிலேயே ஊரை நிறுத்தி வைத்துக்கொள்வோம். நான் கிளம்பியபோது எங்கள் ஊர் வழியே போன பஸ்ஸை விரல் விட்டு எண்ணலாம். இப்போது ஊரை ஒட்டி நான்கு வழிச் சாலை போகிறது. கும்பகோணத்துக்குள் கார் நுழைந்தால் வெளியே வர அரை நாள் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாலையில் ஏசி காரில் போய், எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நானே பெருமைப்பட்டிருக்கிறேன்.

என் அக்கா மல்லிகா அங்கேதான் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அக்கா இன்று ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறாள். அத்தான் இறந்த வருஷம்கூட ஒரு போகம் தரிசு போட்டதில்லை.

பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் அவளோடு பேசுவேன். இங்கே விடிகிற நேரம் அங்கே விளக்கு வைத்திருப்பார்கள். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் சொன்னாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நெஞ்சுல கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்குடி. காலையில ஒண்ணும் இல்ல. அஞ்சு மணிக்கு மேல தானா விட்டுடுது."

நான் சொன்னேன், "தூசிக்கா. நெல்லுல நிக்கிற இல்ல. மூக்குல துணி கட்டிக்கோ."

அடுத்த வாரமும் சொன்னாள். துணி கட்டியும் கேட்கவில்லை என்றாள். நல்ல துணியாகக் கட்டு என்றேன். மூன்றாவது தடவை சொன்னபோது எனக்குக் கொடி ஏற்ற நேரமாகிவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. காலையில் இல்லை, இரண்டு மணிக்கு மேல், மாலையில் தானாக விடுகிறது. ஒன்பது வருஷமாக நான் பிள்ளைகளுக்கு ஒப்பித்த பாடத்தை அவள் ஒரு எழுத்து பிசகாமல் எனக்கே சொல்லியிருக்கிறாள். துணி எவ்வளவு மடித்துக் கட்டினாலும் ஓசோன் அதில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். என் ஊர்க் காற்றில் அது இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

பிப்ரவரியில், அக்காவின் கூட்டாளி தனம் போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரி, நெல் காய வைப்பதில் அக்காவுக்கு வலது கை.

"கலா, உங்கக்கா இன்னைக்கு ரோட்டுல நெல்லு மேலயே முட்டி மடிஞ்சு விழுந்துட்டா. உடனே எந்திரிச்சு, கால் வழுக்கிடுச்சுன்னு சொல்றா. காய்ஞ்ச நெல்லுல யாருக்குடி கால் வழுக்கும்?"

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இரண்டரை இருக்கும் என்றாள். வானம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வானத்துக்கு என்ன, கழுவி விட்ட மாதிரி நீலமா இருந்துச்சு."

அன்று காலை எங்கள் பள்ளியில் பச்சைக் கொடி.

4

ஜூன் முதல் வாரம் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பினேன். இனியாவும் வந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. முந்தைய இரண்டு தடவை கூப்பிட்டும் வராதவள். இந்தத் தடவையும் என் முகத்துக்காக வரவில்லை. அவளுடைய அறிவியல் ஆசிரியை ஓசோன் அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்து, அளந்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. இளைப்புக்கான இன்ஹேலரும் அந்தப் பெட்டியும் அவள் பையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

திருச்சி விமான நிலையத்தில் அந்தப் பெட்டி மாட்டிக்கொண்டது. அதிகாரி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஓசோன் அளப்பது என்றேன். ஓசோன் மேலே அல்லவா இருக்கிறது, இங்கே கீழே எதை அளக்கப் போகிறீர்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்திருக்கிறோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இனியா கைகூப்பி, "பெரியம்மா, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ்.

"என்னடி இவ, ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி பேசுறா" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகியது.

கோடை நெல் அறுவடை முடிந்திருந்தது. இப்போது இயந்திரம்தான் அறுக்கிறது. நெல் ஈரமாக வந்து விழும். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடினால் வாங்க மாட்டார்கள். ஊர்க் களத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியாகிவிட்டது. ஆகவே நான்கு வழிச் சாலைக்குப் பக்கத்தில் போகும் சர்வீஸ் ரோடுதான் இப்போது களம். கருப்புத் தாரின் மேல் ஒரு பர்லாங் தூரத்துக்கு நெல் பரத்தியிருக்கும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போவார்கள்.

அந்த நெல்லைக் காலால் கிளற வேண்டும். ஆறேழு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அடி நெல் மேலே வரும். முன்னால் நடப்பவர் வைத்ததுதான் வேகம். அவர் திரும்பினால் திரும்ப வேண்டும். அவர் உட்காரும் வரை பின்னால் இருப்பவர்கள் உட்காருவதில்லை. நடவுக் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது, யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் முன்னால் நடப்பவள் அக்கா.

மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொள் என்று முதல் நாளே சொன்னேன். ஓசோனை விளக்கினேன். வேகமாக மூச்சு வாங்க வேலை செய்தால் விஷம் அத்தனையும் உள்ளே போகும், சும்மா உட்கார்ந்தாலே பாதிக்கு மேல் தப்பிக்கலாம், கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் இன்னும் நல்லது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"முப்பது வருஷமா முன்னால நடக்குறேன். வேலை நேரத்துல நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்ல. உட்கார்ந்தா, மல்லிகாவுக்கு முடியலன்னு ஆயிடும். அப்புறம் நிலத்துக்காரர் காதுக்குப் போகும். முடியாதவளுக்கு யாரு நிலம் குடுப்பா?"

அவளுடைய ஆறு மாவும் அவளுடைய மூச்சும் ஒரே வரிசையில் நடந்துகொண்டிருந்தன.

5

இனியா ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மணிக்கொரு தடவை பெட்டியைப் பார்த்து நோட்டில் எழுதினாள். அக்கா கடந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். இப்ப ஏறுது. இப்ப நிக்குது. முதலில் கண்ணில் லேசாக எரியும், அப்புறம் தொண்டை கரகரக்கும், மூன்றாவதாகத்தான் நெஞ்சு என்று வரிசை சொன்னாள். பெட்டியில் எண் ஏறுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள். இனியா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியது அன்றுதான்.

ஒரு நாள் பெட்டியில் எண் குறைவாக இருந்தது, அக்கா இருமிக்கொண்டே இருந்தாள். பெரியம்மாவின் கணக்குத் தப்பிவிட்டது என்று இனியா சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்க்காமல், "இது நெல்லு தூத்துற தூசிடி. அது வேற, இது வேற. இது மூக்கோட போயிடும்" என்றாள்.

இதைவிட ஆச்சரியம் மூன்றாம் நாள் வந்தது. நாளைக்கு எண் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள இந்த ஊரில் வழி உண்டா என்று இனியா என்னைக் கேட்டாள். கிடையாது, எங்கள் ஊருக்கு மின்னஞ்சல் அனுப்ப யாரும் இல்லை என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்து சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் இரண்டு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மேக்காத்து அடிச்சு, மேகமும் இல்லாம இருந்தா அன்னைக்கு நெஞ்சு இறுக்கும் பாரு. முகூர்த்த நாள்னா எப்பவும் ஜாஸ்தி."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முகூர்த்தம் என்றால் கும்பகோணத்தில் மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம். கார், வேன், பஸ் எல்லாம் விடிகாலையிலிருந்தே தெருவில் நின்று உறுமும். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கே இருந்து வீசும் மேல்காற்று அந்தப் புகையை அள்ளிக்கொண்டு வரும்போது வெயில் அதைச் சமைத்து முடித்திருக்கும். எங்கள் மலையடிவாரத்தில் விஞ்ஞானிகள் கூடிக் கணக்குப் போட்டு அனுப்பும் மின்னஞ்சலை, என் அக்கா காலண்டரைப் பார்த்து, காற்றைப் பார்த்து, தன் நெஞ்சை வைத்துத் தானே எழுதியிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்.

டாக்டரிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன், கல்யாணத்துக்கும் மூச்சுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று சிரித்தார் என்றாள். சிரித்தவர் அவர். மூக்கில் துணி கட்டச் சொன்னவள் நான். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

இனியா அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

6

வெள்ளிக்கிழமை. மேல்காற்று, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. காலை ஒன்பது மணிக்கே நான்கு வழிச் சாலையில் கல்யாண வேன்கள் வாழைக்குலை கட்டிக்கொண்டு போயின. பன்னிரண்டு மணிக்கு இனியாவின் பெட்டியில் எண் ஏற ஆரம்பித்தது. ஒரு மணிக்கு எங்கள் பள்ளியாக இருந்தால் நான் ஆரஞ்சு ஏற்றியிருப்பேன். இரண்டு மணிக்குச் சிவப்பு.

அக்கா நடந்துகொண்டிருந்தாள். பின்னால் தனம், அவளுக்குப் பின்னால் நான்கு பெண்கள். நான் நெல்லின் ஓரமாக அக்காவோடு கூடவே நடந்து கெஞ்சினேன். அவள் பதில் சொல்ல மூச்சை வீணாக்கவில்லை. அவளுடைய தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. ஐந்து வயதில் என் பிள்ளையிடம் பார்த்த அதே ஏற்றம்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வரிசையின் கடைசியில் ஏழாவதாக ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, இனியா நெல்லுக்குள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். இந்தக் காற்றில் ஓடக் கூடாத பிள்ளை. வெளியே வா என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் தமிழில் சொன்னாள்.

"பெரியம்மா உட்காரலையே. முன்னாடி இருக்கிறவங்க உட்காராம நான் எப்படி உட்கார்றது?"

ஒரு முழுச் சுற்று நடந்தாள். இரண்டாவது சுற்றில் பாதி தூரம் வந்ததும் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. ரோட்டில் லாரி சத்தத்துக்கு நடுவிலும் அந்த விசில் சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. அவள் நின்றாள். வரிசை நின்றது. திரும்பி, எல்லோரையும் தாண்டி, கடைசியில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். இனியா இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள், ஆனால் உட்காரவில்லை. அவளுக்கு என் பிடிவாதமோ பெரியம்மா பிடிவாதமோ, ஏதோ ஒன்று அப்படியே வந்திருக்கிறது.

அக்கா நேரே ரோட்டோரத்துப் பஸ் நிழற்குடைக்குப் போனாள். சிமெண்ட் பெஞ்சைக் கையால் தட்டித் துடைத்தாள். உட்கார்ந்தாள்.

ஒரு நொடிகூட ஆகவில்லை, ஐந்து பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனியா இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துவிட்டு அக்கா மடியில் தலை வைத்துக்கொண்டாள். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நெஞ்சு இறுகியது அக்காவுக்கு மட்டும் இல்லை.

தனம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ எப்ப உட்காருவேன்னு ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டே நடக்குறேன் மல்லிகா."

"ஏண்டி, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உனக்கு முடியுது, எனக்கு முடியலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அக்கா சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, நீ என்ன வெள்ளைக்காரி மாதிரி நிக்கிற, வந்து உட்காரு என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

7

உட்கார்ந்தால் நெல் காய வேண்டுமே, அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்தாள். நெல்லை இன்னும் மெல்லிசாகப் பரத்தினால் நடுமத்தியானத்தில் கால் வைக்கத் தேவையில்லை; தார்ச் சூடு தானே வேலை செய்யும். இடம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். பதினோரு மணி வரை கிளறுவது, அப்புறம் வீட்டு வேலையும் சாப்பாடும், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நிழற்குடை, அதன் பிறகு குவிப்பது. நிலத்துக்காரரிடம் அவளே போய், இனிமேல் மத்தியானம் உட்காரப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் வீட்டிலும் யாருக்கோ மத்தியானம் மூச்சு இறுகுகிறதாம், முகூர்த்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிக் கேட்டாராம்.

கொள்முதல் நிலையத்துக்கு நானும் போனேன். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட பயிர்ச் சான்றான அடங்கல், குத்தகைச் சீட்டு, ஆதார் நகல், இவற்றோடு மூன்று நாள் காத்திருப்பு. அமெரிக்காவில் பத்து விரல் ரேகை கொடுத்ததை அன்றைக்கு மனதார மன்னித்தேன். எங்கள் முறை வந்ததும் ஊழியர் ஒரு பிடி நெல்லை இயந்திரத்தில் போட்டார். அக்கா இயந்திரத்தைப் பார்க்கவில்லை, இரண்டு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, போகும் என்றாள். போயிற்று.

அவளைக் கும்பகோணத்தில் வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இனியா நோட்டைக் காட்டினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நோட்டை முழுக்கப் புரட்டிவிட்டு, முகூர்த்தக் கணக்கை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது அவளிடமும் ஓர் இன்ஹேலர் இருக்கிறது, இடுப்பில் சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு.

இந்த வருஷம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் பேசினேன். எங்கள் ஊர் எப்போதும் பச்சை என்று இத்தனை வருஷமாகச் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அங்கே கொடி இல்லை, என் அக்கா இருக்கிறாள் என்றேன். சிவப்பு நாளில் அவர் என்ன செய்வார் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். உட்காருவாள் என்றேன். பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயமாகத்தான் பட்டது.

இனியாவின் அறையில் தமிழ் தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஊரிலிருந்து அவளே தூக்கி வந்தது. எனக்குத் தெரிந்த வரையில் அந்த அறைக்குள் நுழைந்த முதல் தமிழ்ச் சாமான்.

நேற்றுக் காலை எங்களுக்குச் சிவப்பு. கம்பத்தடியில் நின்று கயிற்றை அவிழ்க்கும்போது போனில் அக்காவின் குரல் செய்தி வந்தது. ஊரில் குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டது. பின்னால் லாரி சத்தம் இல்லை, மாட்டைக் கட்டும் சத்தம் கேட்டது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். மூச்சு நிதானமாக இருந்தது.

"இன்னைக்கு ஆவணி முகூர்த்தம்டி, மேக்காத்து. ரெண்டு மணிக்கு நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்னு இனியாகிட்ட சொல்லு."